கப்பலுக்குத் துணிமணி தவிர என்ன எடுக்கலாம்?

வணக்கம்ங்க. கோபியிலிருந்து அப்பா அம்மாவோடு போய் சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் ஏறுகிறோம், துணிமணி போக வேறென்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஒரு தோள்பை. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்துசேர சாயங்காலம்கூட ஆகிவிடும். அப்பாவுக்குச் சர்க்கரை என்கிறீர்கள். மாத்திரை, மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி எல்லாம் கையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் காந்தக் கொக்கி. பெரும்பாலான கப்பல்களில் அறைச்சுவர் இரும்புத் தகடுதான். நாலைந்து கொக்கியை ஒட்டினால் தொப்பி, பை, ஈரத்துண்டு எல்லாம் தொங்கும், சின்ன அறையில் நடக்க இடம் கிடைக்கும். துண்டும் மெல்லிய ஈரோட்டுத் துண்டாக இருந்தால் சீக்கிரம் காயும்.

நம் ஊர் மூன்று முள் பிளக் பல கப்பல்களில் நுழையாது, யுனிவர்சல் அடாப்டர் வேண்டும். கெட்டில், இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். தீ பயத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சர்ஜ் புரொடெக்டர் (மின்சாரம் திடீரென்று எகிறினால் தடுக்கும் பாகம்) உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படித்தான்.

அம்மா சுடும் கச்சாயத்தை ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். வீட்டுப் பலகாரத்தைப் பல கப்பல்களில் விடமாட்டார்கள். பிரிக்காத கடைப் பாக்கெட் பெரும்பாலும் சரி.

ஜன்னலில்லாத அறை என்றால் விளக்கணைத்ததும் கும்மிருட்டு. பெரியவர்கள் இரவில் எழுந்தால் தடுமாறாமலிருக்க பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு கட்டாயம். குமட்டல் மாத்திரையை அப்பாவின் டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள். கப்பல் ஆடத் தொடங்குமுன் போட்டால்தான் நன்றாகக் கேட்கும்.