குடியை நிறுத்தினால் வலிப்பு வருகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 41 வயது. ஈரோடு பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறேன். இப்போது நாளொன்றுக்கு இரண்டு குவாட்டர் பிராந்தி. காலையில் கை நடுங்குவதால் அறுந்த இழையை முடிச்சுப் போடக்கூட முடிவதில்லை. கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் இரவே கொஞ்சம் மிச்சம் வைத்து, எழுந்ததும் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். போன கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு, அன்றோடு நிறுத்தினேன். மறுநாள் இரவு வலிப்பு வந்து விழுந்தேன். மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்வதுபோல் தெரிந்தது. யாரோ அடிக்க வருவதாகக் கத்தினேனாம். சாமி குற்றம் என்றார்கள். மாலையைக் கழற்றினேன், மறுபடியும் குடி. என் மனைவி, சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்து வாங்கட்டுமா என்று கேட்கிறாள். மறுவாழ்வு மையத்தில் சேர எனக்குப் பயம். அடிப்பார்கள், கட்டிப்போடுவார்கள் என்கிறார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளிடம் மூன்று முறை சத்தியம் செய்து மீறிவிட்டேன். அவள் என்னோடு பேசுவதில்லை. வீட்டிலேயே நிறுத்த வழி உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் நிலையில் இருப்பவர் வீட்டில், தனியாக, ஒரே நாளில் குடியை நிறுத்தக் கூடாது. நிறுத்தத்தான் வேண்டும், அதுவும் சீக்கிரம். ஆனால் மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். ஒருமுறை வலிப்பும் மனக்குழப்பமும் வந்தவருக்கு அடுத்த முறையும் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

முதலில் அந்தச் சாமி குற்றம் என்ற பேச்சுக்கு வருகிறேன். அது உங்கள் மனத்தை எவ்வளவு அரித்திருக்கும் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. உங்களுக்கு வந்தது மதுவிலகல் வலிப்பு. மது, மூளையை அமுக்கி வைக்கும் பொருள். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது. கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. தினமும் இப்படி அமுக்கப்படும் மூளை சும்மா இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பக்கம் வலுவைக் கூட்டிக்கொண்டே போகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் திடீரென்று கையை விட்டால் மறுபக்கத்தார் குப்புற விழுவார்கள் அல்லவா, மதுவை ஒரே நாளில் எடுத்துவிட்டால் மூளைக்கு நேர்வது அதுதான்.

இது நிகழும் நேரக்கணக்கும் மருத்துவத்துக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். உங்கள் காலை நடுக்கம் இதுதான். இரவு முழுக்கக் குடிக்காமல் இருந்ததன் விளைவு. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்குப் பிறகு, இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாள் வரைக்கும், டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற கடுமையான மனக்குழப்பம் வரலாம். இல்லாத பூச்சிகள் தெரிவதும், யாரோ தாக்க வருவதாகப் பயப்படுவதும், இடம் காலம் மறப்பதும் அதன் அடையாளங்கள். நீங்கள் எழுதிய மறுநாள் இரவும் மூன்றாம் நாளும் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகின்றன. நீங்கள் மாலை போடாமல், வேறு எந்தக் காரணத்துக்காக அன்று குடியை நிறுத்தியிருந்தாலும் இதே வலிப்பு வந்திருக்கும். ஊருக்குப் போன இடத்தில் மது கிடைக்காமல் போனவர்களுக்கும், கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கும் மூன்றாம் நாள் இப்படித்தான் ஆகிறது. இதில் தெய்வக் கோபம் எதுவும் இல்லை. உங்கள் மன உறுதியிலும் குறை இல்லை. சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது. நீங்கள் அதிலிருந்து தப்பியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தானாக நிறுத்துவது, வலிப்பு வருவது, மீண்டும் குடிப்பது, மீண்டும் நிறுத்துவது என்று போகும்போது, ஒவ்வொரு முறையும் விலகல் முன்னைவிடக் கடுமையாகலாம். அடுத்த அமாவாசைக்கு நிறுத்திப் பார்க்கலாம், கோயிலில் கயிறு கட்டிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கயிறும் மாலையும் உங்களுக்குத் தெம்பு தருமானால் தாராளமாக வையுங்கள். முதல் பத்து நாளை மருத்துவத்திடம் விட்டுவிட்டு, அதற்குப் பின் வையுங்கள். உடல் தெளிந்த பிறகு இந்தக் கார்த்திகையில் மாலை போட்டு மலைக்குப் போய் வர எந்தத் தடையும் இல்லை.

மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை என்ன செய்வது? குடியைத் திடீரென்று அறவே நிறுத்தாதீர்கள். வழக்கமான அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். வெறும் வயிற்றில் இருக்காதீர்கள். வண்டி ஓட்ட வேண்டாம். தறியில் கை வைக்கும் வேலைக்கும் விடுப்புக் கேளுங்கள். ஓடும் தறி அருகே வலிப்பு வந்தால் கை போய்விடும். இந்த இடைவெளி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நீளக் கூடாது.

ஈரோடு அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மனைவியோடு சென்று, மனநலப் பிரிவைக் கேளுங்கள். மனநலப் பிரிவு என்றதும் தயங்காதீர்கள். குடிநோய்க்குச் சிகிச்சை அளிப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இலேசான விலகல் உள்ளவர்களுக்கு வீட்டில் வைத்தே மருந்து கொடுக்க முடியும். வலிப்பும் மனக்குழப்பமும் வந்த உங்களை உள்நோயாளியாகச் சேர்ப்பதுதான் சரி. வழக்கமாக ஒரு வாரம், சில நேரம் பத்து நாள் ஆகும். இரத்தச் சர்க்கரை, கல்லீரல் செயல்பாடு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வயிற்று ஸ்கேனும் எடுக்கலாம். குளோர்டயஸெபாக்ஸைடு அல்லது டயஸெபாம் போன்ற மாத்திரைகளை முதல் இரண்டு நாள் தாராளமாகவும் பிறகு நாளுக்கு நாள் குறைத்தும் கொடுப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸெபாம் தருவார்கள். மது செய்துவந்த அமுக்கும் வேலையை இந்த மாத்திரைகள் கொஞ்ச நாள் ஏற்றுக்கொண்டு, பிறகு மெதுவாக விலகிவிடும். இவற்றை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். மேலே மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

பலருக்கும் தெரியாத ஒன்று குளுக்கோஸ் பற்றியது. உடம்பு தளர்ந்துவிட்டது என்று தெருமுனை கிளினிக்கில் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம். நெடுநாள் குடித்தவர்களுக்கு தயமின் என்ற பி1 வைட்டமின் உடலில் மிகக் குறைந்திருக்கும். சர்க்கரையைப் பயன்படுத்த மூளைக்கு தயமின் வேண்டும். தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் இருக்கும் கொஞ்சமும் செலவாகி, வெர்னிக்கே என்ற மூளைப் பாதிப்பு வரலாம். நடை தள்ளாடும், கண் அசைவு கோணலாகும், பேச்சு குழம்பும். கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். நேற்று நடந்ததைக்கூட நினைவில் வைக்க முடியாதவர்களாக நாற்பது வயதில் ஆகிவிடுகிறார்கள். இத்தனைக்கும் தயமின் ஊசி விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது. எந்த மருத்துவமனையில் குளுக்கோஸ் போட்டாலும், "நான் தினமும் குடிப்பவன், முதலில் தயமின் ஊசி போடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இனி, உங்கள் மனைவி பார்த்த விளம்பரம். அம்மா, தயவுசெய்து அதை வாங்காதீர்கள். தெரியாமல் கலந்து கொடுக்கலாம் என்று விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். டைசல்ஃபிராம் உண்மையான மருந்துதான். மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு அதுவும் சிதைந்து வெளியேறும். அந்த இரண்டாவது சிதைவை டைசல்ஃபிராம் தடுத்துவிடுகிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். அதனால் நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடு, கடைசியாகக் குடித்து ஒரு நாளாவது கழிந்த பிறகே தொடங்குவோம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும் என்றும் எச்சரிப்போம். எதுவும் தெரியாத மனிதர் வழக்கம்போல் இரண்டு குவாட்டர் குடித்தால் என்ன ஆகும்? வலிப்பிலிருந்து பிழைத்தவரைச் சோற்றில் இழந்துவிட வேண்டாம். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உண்டு. கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கும் நிலையைப் பார்த்து எது பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்வார். உங்கள் கணவரே கடிதம் எழுதி வழி கேட்கிறார். அவருக்கு ஒளித்து மருந்து கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

மறுவாழ்வு மையங்களைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. சில இடங்களில் கொடுமைகள் நடக்கத்தான் செய்கின்றன. அவை என்னைக் கோபப்படுத்துகின்றன. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளுக்கும் பொருந்தும். சிகிச்சை பெறுபவரைச் சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. உள்நோயாளியாக வைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சேரும் முன் அந்தப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எந்த மருத்துவர் வருகிறார், இரவில் செவிலியர் இருக்கிறாரா, குடும்பத்தார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் சொல்ல முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம். தானாக விரும்பிச் சேர்பவருக்குத் தானாக வெளியேறும் உரிமையும் உண்டு. நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளியின் மனைவியையும் பெற்றோரையும் சிகிச்சையில் பங்குபெறச் செய்து பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது.

விலகல் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது கை நடுங்காது, பசி எடுக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். பெரும்பாலோர் மீண்டும் வழுக்குவது இங்கேதான். உடல் ஒரு வாரத்தில் தெளியும். தூக்கமும் மனமும் சீராக மாதங்கள் ஆகும். முதல் சில வாரங்கள் தூக்கம் வராது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். உங்களுக்கு ஆபத்தான நாள் சம்பளம் வாங்கும் சனிக்கிழமை. கூலியை மனைவியின் வங்கிக் கணக்கில் போடச் சொல்ல முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். கடை இருக்கும் சாலையை விட்டுவிட்டு, சுற்றானாலும் வேறு வழியாக வீட்டுக்கு வாருங்கள். குடிக்கும் வெறி எழும்போது அது முடிவே இல்லாமல் நீளும் என்று தோன்றும். உண்மையில் அது அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், யாரையாவது கைபேசியில் அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை உடனே அழையுங்கள். இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் ஒன்றுக்காவது போய்ப் பாருங்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து மீண்ட இருவர் தொடங்கியது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது. கட்டணம் இல்லை, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். உங்களைப் போலவே காலையில் கை நடுங்கி, இன்று பத்து ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவரின் பக்கத்தில் உட்காருவது தரும் நம்பிக்கையை என் மருந்துச் சீட்டால் தர முடியாது. குடும்பத்தாருக்கென அலனான் கூட்டங்கள் இருக்கின்றன. உங்கள் மனைவி அங்கே போகட்டும். இத்தனை ஆண்டு பட்டதைச் சொல்ல அவருக்கும் ஓர் இடம் வேண்டும்.

இடையில் ஒருநாள் குடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று குடியைத் தொடராதீர்கள். மறுநாளே மருத்துவரிடம் திரும்புங்கள். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டிருந்தால் மட்டும், தனியாக நிறுத்த முயலாமல் மீண்டும் மருத்துவமனை வழியாகவே நிறுத்துங்கள்.

உங்கள் மகளிடம் நான்காவது சத்தியம் செய்ய வேண்டாம். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேரப் போகிறேன், அம்மா கூட வருகிறாள், ஒரு வாரம் ஆகும்" என்று நாளையும் இடத்தையும் மட்டும் சொல்லுங்கள். அவள் பதில் பேசாவிட்டாலும் வற்புறுத்தாதீர்கள்.

எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் போதைப் பழக்க மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, தமிழக அரசின் 104 ஆகியவற்றில் கேட்கலாம். வலிப்பு வந்தால் 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவியோ இரும்போ கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது, வலிப்பு வந்த சமயத்தில் எடுத்த சீட்டுகள் இருந்தால் கொண்டுபோங்கள். கடைசியாகக் குடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு கேட்டால் வெட்கப்பட்டு "ஏதோ கொஞ்சம்" என்று சொல்லாதீர்கள். ஒரு குவாட்டரில் கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நீங்கள் குடிப்பது அதுபோல் இரண்டு. விலகல் மாத்திரையின் அளவை இந்தக் கணக்கையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். குறைத்துச் சொன்னால் மருந்து போதாமல், அதே மூன்றாம் நாள் அதே பூச்சிகள் வரும்.