பல்கரில் (சிமென்ட் டேங்கர் லாரி) 1.8 பார் பிரஷர் இருந்தும் சைலோவுக்கு (சிமென்ட் சேமிக்கிற உயரமான தொட்டி) சிமென்ட் ஏறலைன்னா

முதல்ல பிராடக்ட் வால்வை (டேங்க்ல இருந்து சிமென்ட்டை லைனுக்கு விடுற வால்வு) முழுசா மூடிட்டு லைன் ஏரை, அதாவது ஹோஸ் லைனுக்கு நேரா போற காற்றை மட்டும் ஓட விடுங்க. டேங்க் கேஜ் 1.8 பார்ல நின்னும் ஹோஸ் அசையாம கிடக்குதுன்னு எழுதியிருக்கீங்க. லைன்ல காற்று பத்தாம சிமென்ட் தங்கியிருக்கும். பிரஷர் ஏறும் முன்னாடியே வால்வை முழுசா திறந்தா பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்.

இப்போ லைன் கேஜைப் பாருங்க. மளமளன்னு இறங்கினா அடைப்பு விட்டுடுச்சு. வால்வைக் கால்வாசி திறந்து, டேங்க் பிரஷர் லைனைவிட சுமார் 0.2 பார் கூட இருக்கிற மாதிரி ஓட்டுங்க. இறங்கலைன்னா ஹோஸை நெடுகத் தட்டிட்டே போங்க. அடைச்ச இடம் கெட்டியா இருக்கும், சத்தம் மந்தமா வரும். அங்கே இல்லைன்னா சைலோ பைப்போட முதல் வளைவைச் சந்தேகப்படுங்க.

அடைப்பு விடும்போது காற்று மொத்தமா சைலோவுக்குள்ள பாயும். சைலோ மேலே ரிலீஃப் வால்வுல (அதிகப் பிரஷரை வெளியே விடுற வால்வு) தூசி கிளம்பினா உடனே நிறுத்தி, தூசியை வடிகட்டுற பேக் ஃபில்டரைப் பாருங்க.

தயவுசெஞ்சு பிரஷர் இருக்கும்போது ஹோஸை இணைக்கிற கப்ளிங்கைத் தொடாதீங்க. கம்ப்ரசரை நிறுத்தி, காற்றை வெளியேத்துற ப்ளோ டவுன் வால்வைத் திறந்து ரெண்டு கேஜும் 0 ஆகணும். அப்பவும் ரெண்டு அடைப்புக்கு நடுவுல காற்று சிக்கியிருக்கலாம். கண்ணாடி போட்டு, ஹோஸுக்கு நேரே நிக்காம பக்கவாட்டுல நின்னே கழட்டுங்க.