ஔவையைக் கூறு போடுவது யார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளை ஔவையாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர், முருகனிடம் சுட்ட பழம் கேட்டுத் தோற்றவர், ஆத்திசூடி பாடியவர். அவள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அவர் ஒருவர் இல்லை, மூவர் என்றாள். இன்னோர் இடத்தில் நால்வர் என்றும் வேறோர் இடத்தில் அதற்கும் மேல் என்றும் இருந்ததாம்.

இதைக் கேட்ட என் தாயாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நெல்லிக்கனி சாப்பிட்டவள் ஆயிரம் வருஷம் இருந்துவிட்டுப் போகிறாள். படித்தவர்கள் கூடி உட்கார்ந்து கிழவியைக் கூறு போடுகிறார்கள்" என்கிறார். எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றுகிறது. கபிலர், நக்கீரர், பட்டினத்தார் என்று யாரை எடுத்தாலும் 'இவர் வேறு, அவர் வேறு' என்கிறார்கள். இதற்குச் சான்று ஏதும் உண்டா? அல்லது ஆய்வாளர்களின் பொழுதுபோக்கா?

ம.,
கும்பகோணம்

அன்புள்ள ம.,

உங்கள் தாயாரின் கோபத்தில் நியாயம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். சான்றுதானே கேட்டீர்கள், அதை ஔவையின் வாயிலிருந்தே தருகிறேன். நல்வழியின் நாற்பதாம் வெண்பா இது:

தேவர் குறளும் திருநான் மறைமுடிவும்
மூவர் தமிழும் முனிமொழியும் – கோவை
திருவா சகமும் திருமூலர் சொல்லும்
ஒருவா சகமென் றுணர்.

மூவர் தமிழ் என்பது தேவாரம். கோவையும் திருவாசகமும் மாணிக்கவாசகருடையவை. இவை எல்லாம் பாடப்பட்டு, ஊர் அறிந்து, ஒரே வரிசையில் வைத்துப் போற்றும் நிலைக்கு வந்த பிறகுதான் இந்த வெண்பா எழுதப்பட்டிருக்க முடியும். மாணிக்கவாசகரை ஒன்பதாம் நூற்றாண்டினர் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். அதியமான் நெடுமான் அஞ்சியோ திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டெடுத்த தமிழ் பிராமிக் கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொண்டு நிற்கிறான். அதன் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு அளவு. அவனோடு அமர்ந்து கள் அருந்திய ஒருவர் திருவாசகத்தையும் படித்திருக்க வேண்டுமானால், எண்ணூறு ஆண்டுகளாவது வாழ்ந்திருக்க வேண்டும்.

கள் என்றதும் உங்கள் தாயார் மறுபடியும் கோபித்துக்கொள்வார். அது நான் சேர்த்தது அன்று. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டு, "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்றுதான் தொடங்குகிறது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான். அந்தக் காலம் போயிற்றே என்கிறார். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே என்றும் அதே பாட்டில் சொல்கிறார். தமிழின் கையறுநிலைப் பாடல்களில் இதற்கு இணையாக நான் வைப்பது மிகச் சில.

அடுத்த சான்று பிள்ளையார். சங்கப் பாடல்களில் முருகன் இருக்கிறான், திருமால் இருக்கிறான், கொற்றவை இருக்கிறாள். பிள்ளையார் இல்லை. அவர் தமிழ்நாட்டு வழிபாட்டுக்குள் வந்தது அதற்குப் பிந்திய காலத்தில். ஆனால் நம் வீடுகளில் ஔவை என்றாலே பிள்ளையாரின் செல்லப் பாட்டிதான். அவர் பெயரில் உள்ள விநாயகர் அகவல் மூலாதாரத்தையும் குண்டலியையும் பேசுகிறது; யோக நெறியில் ஊறிய ஒருவரின் நூல் அது. 310 குறள் வெண்பாக்கள் கொண்ட ஔவைக் குறளும் அதே நெறியைச் சேர்ந்தது. அதனால்தான் சங்கப் புலவர் ஒருவர், ஆத்திசூடி முதலிய நீதிநூல்களைப் பாடியவர் ஒருவர், யோக நூல்களைப் பாடியவர் ஒருவர் என்று மூவராகப் பிரிக்கிறார்கள். அசதிக்கோவை போன்றவற்றையும் தனிப்பாடல்களையும் பிரித்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும். என் கணக்கில் முதல் பிரிவு அசைக்க முடியாதது. மற்றவை வாதத்துக்கு உரியவை.

இனி உங்கள் தாயாரின் குற்றச்சாட்டு. பெயரொத்தவர்களைப் பிரித்துக் காட்டுவது இன்றைய பேராசிரியர்கள் தொடங்கிவைத்த வேலை அன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களே அதைச் செய்திருக்கிறார்கள். சாத்தன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டுமென்றால் 'சாத்தன் வந்தான்' என்றுதான் எழுதுவார்கள். அந்த அளவுக்கு ஊர்தோறும் வழங்கிய பெயர். புலவர்களிலும் சாத்தன்கள் மலிந்திருந்தார்கள். தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஆவடுதுறை மாசாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் என்று ஊரையும் தொழிலையும் பிற அடையாளங்களையும் பெயரோடு முடிந்து வைத்தார்கள். ஒக்கூர் ஒன்றிலேயே ஒரு மாசாத்தனாரும் ஒரு மாசாத்தியாரும் இருந்தார்கள். இவ்வளவு பத்திரப்படுத்தியும் பின்னால் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சீத்தலை என்ற அடையைச் 'சீழ்த்தலை' ஆக்கி, பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் சாத்தனார் எழுத்தாணியால் தன் தலையில் குத்திக்கொண்டார், புண் சீழ்பிடித்தது, திருக்குறளைக் கேட்டபின்தான் தலைக்குத்துத் தீர்ந்தது என்று கதை கட்டிவிட்டார்கள். பாவம், கூல வணிகம் செய்த மனிதர்.

இத்தனை கவனமாக இருந்த தொகுப்பாளர்கள் ஔவையாருக்கு ஊரோ தொழிலோ சேர்க்கவில்லை. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என்று 59 பாட்டுகள். பெயர் வெறும் ஔவையார். அந்தப் பெயரில் இன்னொருவரைக் காட்டிப் பிரிக்கவேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன். கபிலரும் பரணரும் அப்படியே.

குழப்பம் வந்தது பின்னால். சைவப் பாடல்களின் தொகுப்பான பதினோராம் திருமுறையைத் திறந்தால் சங்கப் பலகையே சைவத்துக்கு மாறிவிட்டதோ என்று தோன்றும். நக்கீரதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார் என்று அடுத்தடுத்து நிற்கிறார்கள். "திருவாக்கும் செய்கருமம் கைகூட்டும்" என்று பிள்ளையாரை வணங்கி நாம் சொல்லும் வெண்பா இந்தக் கபிலதேவருடையது. பாரியின் நண்பரான கபிலருக்கும் அதற்கும் தொடர்பில்லை. நக்கீரர் விஷயத்தில் முடிச்சு இன்னும் இறுக்கம். பத்துப்பாட்டின் முதல் பாட்டான திருமுருகாற்றுப்படையும் அதே பதினோராம் திருமுறையில் நக்கீரதேவர் பெயரில் சேர்ந்திருக்கிறது. அதே பெயரில் அங்கேயே கயிலைபாதி காளத்திபாதி அந்தாதியும் இருக்கிறது. ஒரே பெயர், ஒரே நூல். இருவரும் ஒருவரே என்று பக்தர்கள் கொண்டதில் வியப்பில்லை. நெடுநல்வாடை பாடிய மதுரைக் கணக்காயனார் மகனார் இந்த வெண்பா அந்தாதியையும் பாடினார் என்பதை மொழிநடையை அறிந்த எவரும் ஒப்பமாட்டார்கள். பட்டினத்தார் கதையும் இதன் வகைதான்: கோயில் நான்மணிமாலை பாடிய பட்டினத்துப் பிள்ளையார் வேறு, "ஐயிரண்டு திங்களாய்" என்று தாய்க்குக் கொள்ளி வைத்துப் பாடிய துறவி வேறு.

ஏன் இப்படிப் பழைய பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன? ஔவை என்பது முதிய பெண்ணை, தாயைக் குறிக்கும் மதிப்புச் சொல்லும் ஆகையால், பாட்டுக் கட்டத் தெரிந்த எந்த மூதாட்டியையும் ஊர் அப்படி அழைத்திருக்கும். இன்னொன்றும் உண்டு. ஒரு பாட்டு நடமாட வேண்டுமானால் புகழ்பெற்ற பெயர் அதற்கு வேண்டும். ஏடெழுதுபவர் தெரியாத பெயரை விட்டுவிட்டுத் தெரிந்த பெயரை எழுதுவார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை.

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். ஔவை ஒருவரே என்று கொண்ட மக்கள் காலக்கணக்கு தெரியாதவர்கள் அல்லர். அந்தக் கணக்கு இடிப்பதை உணர்ந்துதான் நெல்லிக்கனியைப் பிடித்துக்கொண்டார்கள். புறநானூறு 91இல் ஔவையே "சாதல் நீங்க எமக்கீத் தனையே" என்கிறார். சாவு என்னை விட்டு நீங்கும்படி எனக்குக் கொடுத்தாய் என்று. சிறுபாணாற்றுப்படையும் அதை அமிழ்து விளைந்த கனி என்றே சொல்கிறது. சாவு நீங்கிவிட்டதல்லவா? அப்படியானால் கம்பர் காலத்திலும் இருக்கலாம், அதற்குப் பின்னும் இருக்கலாம். உங்கள் தாயார் "ஆயிரம் வருஷம் இருந்துவிட்டுப் போகிறாள்" என்றாரே, அது சங்கப் பாட்டை ஒட்டிச் செய்த வாதம். ஆராய்ச்சிக்காரர்களில் சிலர் இதைவிட மோசமாக வாதிடுவார்கள்.

ஆனாலும் நான் பிரிக்கும் கட்சிதான். பிரிப்பதால் ஔவை சிறுத்துப்போவதில்லை. சேர்த்துவைத்தபோதுதான் ஒருவர் காணாமற்போனார். காணாமற்போனவர் மூத்தவர். புறநானூறு அச்சேறியது 1894இல், உ.வே. சாமிநாதையர் கையால். குறுந்தொகையும் நற்றிணையும் 1915 வரை காத்திருந்தன. அதற்கு முன்பே ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மனப்பாடம். வயதில் இளைய ஔவை நமக்கு முதலில் அறிமுகமானார், மூத்தவர் பின்னால் வந்தார். வந்தவருக்கு ஏற்கெனவே நரைத்த முடியும் ஊன்றுகோலும் தயாராக இருந்தன. 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அந்த உருவத்துக்கு ஒரு குரலும் கொடுத்துவிட்டார். கேட்டால் மறக்க முடியாத குரல், அதனால் சேதமும் பெரிது.

அந்த நரைமுடியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். புறநானூறு 89இல் பகையரசன் ஒருவன் பாட்டைச் சொல்பவளை, மை தீட்டிய கண்ணும் ஒளிரும் நெற்றியும் உடைய விறலியே (ஆடிப் பாடும் பெண்ணே) என்று விளித்து, உங்கள் நாட்டில் போர்செய்பவரும் உண்டோ என்று கேட்கிறான். காற்று மோதித் தண்ணுமைப் பறை ஒலித்தாலே 'போர்' என்று எழும் என் தலைவன் இருக்கிறான் என்பது பதில். கிழவியிடம் கேட்ட கேள்வியா அது? 59 பாட்டில் 26 அகப்பாட்டு என்பதையும் மறந்துவிடுகிறோம். குறுந்தொகை 28இல் ஒருத்தி, முட்டுவேனா, தாக்குவேனா, ஆ ஓ என்று கூவிவிடுவேனா, என் நோய் அறியாமல் இந்த ஊர் தூங்குகிறதே என்று குமுறுகிறாள். இதைச் சொன்னவர் பெயரும் ஔவையார்தான்.

தொண்டைமானிடம் தூது போனவர் அவர். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, இங்குள்ளவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல் இகழ்வது. பரிசில் தரத் தாமதித்த அதியமானின் வாயில்காவலனிடம், யாழையும் மூட்டையையும் கட்டியாயிற்று, "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவரும் இவரே. அரசர்களுக்கு நடுவே நின்று பேசிய அந்தப் பெண்ணும், "தையல் சொல் கேளேல்" என்று ஆத்திசூடியில் எழுதியவரும் ஒருவரே என்று நம்ப எனக்கு நெல்லிக்கனி போதவில்லை. பாரதி தம் புதிய ஆத்திசூடியில் "தையலை உயர்வு செய்" என்று எழுதினார். பின்னாளைய ஔவைக்கு அவர் சொன்ன மறுமொழியாகவே அதைப் படிக்கிறேன். முன்னாளைய ஔவைக்கு அந்த மறுமொழி தேவைப்பட்டிருக்காது.

நீதிநூல் ஔவையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். எழுத்து பழகும் பிள்ளைக்கு இரண்டு மூன்று சொல்லில் ஒரு முழு வாக்கியம் அமைத்துக் கொடுப்பது எளிய காரியம் அன்று. அவருக்குரிய இடத்தை அவருக்குக் கொடுப்போம். மற்றவரின் 59 பாட்டை அவர் தலையில் ஏற்றவேண்டாம்.

உங்கள் மகளின் ஒரு பக்கத்துக்கு: புறநானூற்றில் 87 முதல் 104 வரை பதினெட்டுப் பாட்டும் தொடர்ச்சியாக ஔவையார் பாடியவை. உரையுள்ள பதிப்பு ஒன்றை எடுத்து 95ஐயும் பிறகு 206ஐயும் அவளோடு சேர்ந்து படியுங்கள். எத்தனை ஔவை என்ற கேள்விக்கு, குறைந்தது இருவர், மூவர் என்று கொள்வோர் பலர் என்று எழுதட்டும். மதிப்பெண் குறைத்தால் அந்த நல்வழி வெண்பாவை ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.