மாமியின் அறைக்குள் கினிப்பன்றிக் கூடு

கேள்வி: 13 வயது மகன் ஆசைப்பட்டான் என்று போன வருடம் இரண்டு கினிப்பன்றிகள் வாங்கினோம். இரண்டடிக்கு ஒன்றரை அடி பலகைக் கூடு. கீழே பேப்பர் விரித்து, ஒவ்வொரு நாளும் புழுக்கையைக் கூட்டி அள்ளி, கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறேன். வாசனை ஸ்பிறேயும் அடிக்கிறேன். அப்படியும் மூன்றாம் நாளே நாற்றம். விறாந்தைக்கு வருகிற ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று இப்போது மாமியின் அறைக்குள் வைத்திருக்கிறோம். அவவுக்கு மணம் தெரியாது, அதனால் பிரச்சினை இல்லை. நாற்றம் போக என்ன வழி?
– வாசகி, கொக்குவில்

பதில்: யாருக்குப் பிரச்சினை இல்லை? எப்போதாவது வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவரின் மூக்குக்காக விறாந்தையைக் காலி செய்தீர்கள். இரவு முழுக்க அதே காற்றை இழுத்துக்கொண்டு படுத்திருக்கிற மனுசியை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். மணம் தெரியாவிட்டால் நெஞ்சு மூச்சு விடாதா? கூட்டிலிருந்து எழும்புவது அமோனியா. கண்ணை எரிக்கும், தொண்டையை அரிக்கும், இருமலைக் கிளப்பும். மணம் தெரிந்தவர் எழும்பி வெளியே போவார், மாமிக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. பெரியவர்களின் அறை, வீட்டில் வேண்டாததைத் தள்ளுகிற கோடி இல்லை. இன்று பின்னேரமே கூட்டை வெளியே எடுங்கள். மிச்சத்தை அதற்குப் பிறகு வாசிக்கலாம்.

நீங்கள் அள்ளுகிற புழுக்கை காய்ந்தால் மணப்பதே இல்லை. நாறுவது மூத்திரம். அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போதுதான் அமோனியா வருகிறது. பேப்பர் ஈரத்தைப் பிடித்து வைக்காது, கீழே விட்டுவிடும். ஒரு வருட மூத்திரம் உங்கள் பலகைக்குள் ஊறிக் கிடக்கிறது. இனி எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. அந்தக் கூட்டை விறகுக்குப் போட்டுவிடுங்கள். இரண்டு கினிப்பன்றிக்கு நாலடிக்கு இரண்டடியாவது வேண்டும். அடித்தளம் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டாக இருக்கட்டும். கழுவ வசதி என்று கம்பிவலைத் தளம் போட வேண்டாம், உள்ளங்கால் புண்ணாகிவிடும். பக்கமும் மேலும் வலை அடித்து, நிழலும் காற்றோட்டமும் உள்ள விறாந்தைப் பக்கம் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே கூடாது. 27 பாகைக்கு மேல் போனாலே அவை வெக்கையில் திண்டாடும்.

விரிப்புக்கு மரக்காலையில் சீவல் வாங்கலாம், இரண்டு அங்குலத் தடிப்பில் போடுங்கள். அரிந்த மரத்தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். மருந்தடித்த மரம், மணக்கிற மரம் இரண்டும் வேண்டாம். இன்னொரு வழி, கனடாவிலிருந்து வந்து அலுமாரியில் மடித்தபடியே கிடக்கிற ஃபிளீஸ் போர்வை. (எல்லார் வீட்டிலும் ஒன்று கிடக்கிறதுதானே!) புதிதாக இருந்தால் தண்ணீர் மேலேயே நிற்கும். சுடுதண்ணீரில் மூன்று நாலு தரம் தோய்த்த பிறகுதான் ஈரத்தைக் கீழே விடும். அதற்கடியில் பழைய துவாயை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். மூன்று நாலு நாளுக்கொருக்கால் உதறி, தோய்த்து, வெய்யிலில் காயப் போட வேண்டும். துணியை மெதுமையாக்கும் திரவம் சேர்த்தால் பிறகு ஈரம் இறங்காது.

கினிப்பன்றி தின்கிற இடத்திலேயே பெய்யும். அதனால் புல்லுத் தொட்டிக்குக் கீழே சின்னத் தட்டொன்றில் சீவலைத் தடிப்பாகப் போட்டு, அதை மட்டும் ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். பாதி நாற்றம் அங்கேயே நின்றுவிடும். தண்ணீர்ப் போத்தல் சொட்டுகிறதா என்று பாருங்கள். தின்னாமல் விட்ட கீரையை இரண்டு மணித்தியாலத்தில் எடுத்துவிடுங்கள்.

கிழமைக்கு ஒரு நாள் முழுக் கழுவல். விலங்குகளைக் காட்போட் பெட்டிக்கு மாற்றி, சீவல் எல்லாவற்றையும் வாழையடியில் கொட்டுங்கள். வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து தட்டில் ஊற்றி 20 நிமிடம் ஊற விட்டுத் தேயுங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது மூத்திரத்தில் உள்ள கல்சியம். சவர்க்காரத்துக்கு அசையாது, வினாகிரிக்குக் கரையும். நம்முடைய சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரும் கேத்திலுக்குள் செய்கிற மாதிரித் தன் பங்குக்குப் படியும், ஆகவே அலசியதும் துடைத்து வெய்யிலில் வையுங்கள். வினாகிரியோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும். கிருமிநாசினியும் ஸ்பிறேயும் நிற்கட்டும். அந்தச் சின்ன மூக்குகள் தரையிலிருந்து ஓரங்குலத்தில் இருக்கின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு விரிப்புக் காயாது, இரட்டிப்பாக மாற்ற வேண்டும். கினிப்பன்றியின் பின்பக்கம் நனைந்திருந்தால் இலையான் முட்டையிட்டுப் புழு வைக்கும், தினமும் தூக்கிப் பாருங்கள். மூத்திரத்தில் இரத்தம் தெரிந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். மகனுக்கு வாங்கி மிஞ்சிய அமொக்ஸிசிலின் பாணியைப் பருக்க வேண்டாம், அது கினிப்பன்றியைக் கொன்றுவிடும்.

கடிதம் முழுக்க "அள்ளுகிறேன், துடைக்கிறேன்" என்று நீங்கள்தான் நிற்கிறீர்கள். ஆசைப்பட்டவன் எங்கே? ரியூசன் என்பீர்கள். தட்டு மாற்றப் பத்து நிமிடம் போதும். 13 வயதுப் பிள்ளை காலையில் அதைச் செய்துவிட்டுத்தான் சைக்கிளை எடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக் கழுவலும் அவனுடையதுதான். முடியாது என்றால், பார்க்கக்கூடிய வீட்டுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

மாமிக்கு இந்த மாதங்களில் இருமல் இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அறைக்குள் கூடு இருந்த கதையை மறைக்காமல் சொல்லுங்கள்.