எல்லோரும் ‘சரிங்க’ என்கிறார்கள், அதே ஓட்டை திரும்ப வருகிறது

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர், செக்கிங், கைமடி (டெய்லருக்கு உதவியாக இருப்பவர்) என்று அறுபது பேரை உட்கார வைத்து, அந்த வாரம் வந்த தப்புகளைப் புரொஜெக்டரில் காட்டி அரை மணி நேரம் பேசுகிறேன். 42 ஸ்லைடு. ‘புரிஞ்சுதுங்களா’ என்றால் ‘புரிஞ்சுதுங்க’ என்கிறார்கள். திங்கட்கிழமை பார்த்தால் அதே தப்புகள். பாதிக்கு மேல் ஊசி ஓட்டைதான், தைக்கும்போது ஊசி துணியை அறுத்துவிடுவது. முதலாளி ஸ்லைடை இன்னும் நன்றாகப் போடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: ஸ்லைடை இப்போதைக்கு விடுங்கள். முதலில் அந்த ‘புரிஞ்சுதுங்க’வைப் பார்ப்போம். நம்ம பக்கத்தில் அது மரியாதைச் சொல். நின்று பேசுகிறவரின் மனம் நோகக் கூடாது என்று சொல்வது. அறுபது பேர் நடுவில் எழுந்து ‘புரியலைங்க’ என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அதனால் இனி அந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். ஒரு பீஸைக் கையில் கொடுத்து, ‘இதை பாஸ் பண்ணுவீங்களா, எடுத்து வைப்பீங்களா?’ என்று கேளுங்கள். அதற்கு மரியாதைக்காகப் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது கிழமை. சனிக்கிழமை சம்பள நாள். கவரை வாங்கிக்கொண்டு மளிகைக் கடைக்கும் பஸ்ஸுக்கும் போக வேண்டியவர்களை உட்கார வைத்திருக்கிறீர்கள். மறுநாள் லீவு வேறு. கேட்டதைக் கையால் செய்து பார்க்க ஒன்றரை நாள் இடைவெளி விழுகிறது. செவ்வாய்க்கிழமை காலை, மெஷின் ஓட ஆரம்பிக்கும் முன் பதினைந்து நிமிடம் போதும். அறுபது பேரையும் சேர்த்து வேண்டாம். செவ்வாயில் தொடங்கி ஒரு நாளைக்கு ஒரு லைன், பன்னிரண்டு பதினைந்து பேர், அவர்கள் மெஷின் பக்கத்திலேயே நின்று பேசுங்கள்.

பதினைந்து நிமிடத்தில் 42 ஸ்லைடு தப்பும் எப்படி என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தப்புதான். புதிதாகக் கேட்பதில் மனதில் ஒரே நேரத்தில் நிற்பது சுமார் நான்கு விஷயம்தான் என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-ல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். ஐந்தாவது வரும்போது முதலாவது நழுவுகிறது. ‘புதன்கிழமை காலையில் இவர் கை என்ன வேறுமாதிரி செய்ய வேண்டும்?’ என்று உங்களையே கேட்டுக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் எடுங்கள். உங்களுக்கு அது ஊசி ஓட்டை.

அதை இப்படி நடத்திப் பாருங்கள். ஓவர்லாக் (விளிம்பைச் சுற்றிப் போகும் தையல்) அடித்த இரண்டு பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நல்லது, இன்னொன்று முனை தேய்ந்து பிசிரான ஊசியில் அடித்தது. எது எது என்று சொல்லாமல் சுற்றி விடுங்கள். மேஜையில் விரித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ‘எது நல்லது?’ என்று கேட்டு, எல்லோரும் ஏதாவது ஒன்றுக்குக் கை தூக்கும்வரை காத்திருங்கள். அந்த அரை நிமிட அமைதி உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. தானாக ஒரு முடிவு எடுத்தவருக்குத்தான் விடையைக் கேட்கும் ஆவல் வரும். அப்புறம், தையலின் இரு பக்கமும் பிடித்துக் குறுக்காக இழுக்கச் சொல்லுங்கள். ஒன்றில் தையல் ஓரமாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை திறக்கும். ஊசி துணியின் நூலை விலக்கிவிட்டுப் போகாமல் பின்னல் கண்ணியையே அறுத்திருக்கிறது, இழுக்காதவரை அது தெரியவில்லை. துவைத்தால் இன்னும் பெரிதாகும். இதை அவர்கள் விரலே கண்டுபிடித்த பிறகு, காரணத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள்: ஊசி முனை பிசிராகியிருக்கலாம், அல்லது சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணிக்குத் தடித்த ஊசி போட்டிருக்கலாம். பிறகு ஆளுக்கொரு ஊசி கொடுத்து, முனையை நகத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிசிரான ஊசி நகத்தைக் கீறும். அவ்வளவுதான் மீட்டிங்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் செக்கிங்கில் இருந்த ஒரு அக்கா. பல வருஷத்துக்கு முன் பெருந்துறைப் பக்கம் ஒரு யூனிட்டில், திரையில் பெரிதாக்கிய ஓட்டைப் படத்தைக் காட்டி நான் பேசி முடித்ததும் அவர் கேட்டார்: ‘படத்துல ஓட்டை நல்லாத் தெரியுதுங்க. நம்ம பீஸ்ல எங்கீங்க தேடறது?’ படத்தில் இருந்தது திரை அளவு ஓட்டை. அவர் கையில் வருவது குண்டூசித் தலைகூட இல்லாத புள்ளி. அன்றிலிருந்து பீஸ் இல்லாமல் நான் மீட்டிங் போனதில்லை.

ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் உங்கள் லைனில் இருந்தால் இந்த முறை அவர்களுக்கும் உதவும். இழுத்துப் பார்ப்பதற்கும் நகத்தில் உரசுவதற்கும் மொழி வேண்டாம். இருந்தாலும் அவர்களில் தமிழ் பழகிய ஒருவரை, கேட்டதைத் தன் மொழியில் மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும்போது அவருக்கே அது பதிந்துவிடும்.

மீட்டிங்கோடு வேலை முடிந்துவிடாது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நடுவில் தானாக நினைவுபடுத்தி எழுதியவர்களே முந்தினார்கள். வியாழக்கிழமை லைனில் நடக்கும்போது நீங்களும் இதைச் செய்யலாம். ஒருவர் மெஷின் அருகே நின்று, ‘இந்த ஊசி நல்லா இருக்குதுங்களா, எப்படிப் பார்ப்பீங்க?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். தெரியாவிட்டால் திட்டாமல் நீங்களே உரசிக் காட்டுங்கள். திட்டினால் அடுத்த முறை உங்களுக்கு ‘சரிங்க’தான் கிடைக்கும்.

சரி, முதலாளிக்கு ஸ்லைடு வேண்டுமே? அவருக்கு மட்டும் போடுங்கள், மூன்று போதும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ‘டிபெக்ட் ரிப்போர்ட்’ என்று போடாமல், ‘ஊசி ஓட்டையில் பாதி இரண்டாவது லைனில் வருகிறது’ என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். கீழே ஒரு படமோ எண்ணோ போதும். திரையில் இருப்பதையே வாசிக்காதீர்கள். கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது வேறு வேகத்தில் கேட்கும், இரண்டும் மோதிக்கொள்ளும். முக்கியமானதைக் கடைசி வரிக்குத் தள்ளவே தள்ளாதீர்கள். 2003-ல் அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்து விண்கலத்தை இடித்த நுரைத்துண்டு, முன்பு சோதித்துப் பார்த்ததைவிடப் பல நூறு மடங்கு பெரியது என்ற தகவல், விண்கலம் பறந்துகொண்டிருந்தபோதே பொறியாளர்கள் காட்டிய ஒரு ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில் இருந்தது. விசாரணைக் குழு தன் அறிக்கையில் இதைத் தனியாகவே எடுத்துக் காட்டியது.

அடுத்த செவ்வாய் எண்ணெய்க் கறைக்குப் போகலாம். ஆனால் முதல் இரண்டு நிமிடம், போன வாரத்து ஊசியையே ஒருவர் கையில் கொடுத்துக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.