சின்னக் கைக்கு மெல்லிய கழுத்துள்ள கிட்டார்தான் சரியா?

கை சின்னது, அதனால் மெல்லிய கழுத்துள்ள கிட்டார்தான் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் கட்டாயமில்லை. கழுத்து ரொம்ப மெல்லியதாக இருந்தால் கட்டைவிரலுக்குப் பிடிமானம் கிடைக்காமல், பார் கார்டு (ஒரே விரலால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் கார்டு) பிடிக்கும்போது கட்டைவிரலின் அடிச்சதை சீக்கிரம் வலிக்கும். உள்ளங்கையில் நிறைவாக உட்காரும், சற்றே தடித்த கழுத்து பலருக்கு இதமாக இருக்கிறது.

நான் முதலில் பார்ப்பது நட்டின் அகலத்தை, அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பதிந்திருக்கும் சிறு பட்டையின் அகலத்தை. கிளாசிக்கல் கிட்டாரில் சுமார் 52 மி.மீ., ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டாரில் சுமார் 42. சி கார்டு பிடித்து, மோதிர விரலை ஐந்தாம் தந்திக்கு நீட்டும்போதே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

அப்புறம் தந்தி நீளம், அதாவது நட்டிலிருந்து கீழே பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 25.5 அங்குலம், இன்னொரு எலக்ட்ரிக் கிட்டாரான கிப்சன் லெஸ் பாலில் சுமார் 24.75. நீளம் குறைந்தால் ஃபிரெட்டுகள் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) நெருங்கும், தந்தியின் இறுக்கமும் சற்றுக் குறையும். சின்னக் கைக்கு இதுதான் பெரிய உதவி. கடையில் எஃப் கார்டை (இதுவும் பார் கார்டுதான்) இரண்டு நிமிடம் விடாமல் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.