மென்பொருளுக்கு முன்னால லெட்ஜர்

வேளச்சேரி நண்பரே, கென்யாவுல ஒரு கிராமத்து சாக்கோவை, அதாவது நம்ம ஊர் கூட்டுறவுக் கடன் சங்கம் மாதிரியானதை, 3 மாசத்துல கம்ப்யூட்டர்மயமாக்கணும், எந்த மென்பொருள்னு கேட்டிருக்கீங்க. அபாச்சி ஃபினராக்ட் இருக்கு, இலவசம். ஆனா முதல்ல லெட்ஜரைப் பாருங்க.

செங்கல்பட்டு பக்கம் ஒரு சங்கத்துல நான் இதைச் செஞ்சப்போ, உறுப்பினர் கணக்குகளைக் கூட்டினா பொதுப் பேரேட்டோட, அதாவது சங்கத்தோட மொத்தக் கணக்கு இருக்கிற லெட்ஜரோட, ஒத்தே வரலை. முருகன்னு நாலு பேர். ஒருத்தர் கட்டின தவணை இன்னொருத்தர் பக்கத்துல ஏறியிருந்துச்சு! பாஸ்புக்கை வரவழைச்சு ஒவ்வொண்ணா டிக் அடிச்சோம். அதுக்கே மூணு வாரம்.

ஒரு மாசக் கடைசி இருப்பை மட்டும் ஏத்துங்க. பழைய வரவு செலவைத் தட்டச்சு பண்ண உட்காராதீங்க. அப்புறம் ரெண்டு மாசமாவது நோட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே ஓடணும். என்ட்ரி எல்லாம் அங்க இருக்கிற கிளார்க்கே போடட்டும், நீங்க கீபோர்டைத் தொடாதீங்க. முடிஞ்சா இன்னும் 2 மாசம் கேட்டு வாங்கிக்கோங்க.